பன்னிரண்டாவது படத்துக் கோட்டான்

மல்லசமுத்திரம் ஸ்டுடியோக்காரர் கண்ணுசாமிக்கு மனுசர்களைக் கண்டாலே ஆகாது. இது இட்டுக்கட்டின பேச்சில்லை, கடைவீதி முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சு. படம் பிடிக்கிறவனுக்கு மனுச மூஞ்சி பிடிக்காவிட்டால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடந்தது. நல்லதோ கெட்டதோ, சுற்றுவட்டத்தில் வேறு ஆள் இல்லை. "சிரிங்க" என்று அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. "வாய மூடுங்க, ஈ பூந்துக்கும்" என்பார். கல்யாணப் பொண்ணானாலும் சரி, பஞ்சாயத்துத் தலைவரானாலும் சரி, மோவாயைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. படம் மட்டும் அச்சாக வந்துவிடும். அதனால் திட்டிக்கொண்டே அவரிடம் போனார்கள்.

எழவு வீடென்றால் கண்ணுசாமி கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்தில் உயிரோடிருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பெருசுகள் காமிராவைக் கண்டாலே ஓடி ஒளியும். செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குத் துண்டு கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, "சித்தெ சீக்கிரம் எடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். "இவுங்க ஒருத்தருதான் ஆடாம உக்காருறாங்க" என்று கண்ணுசாமி ஒரு எழவு வீட்டில் சொல்லப்போய், மாமன் மச்சான் எல்லாம் சேர்ந்து அடிக்க வந்தார்கள். அப்படியொரு வாய் அவருக்கு. அந்த வாய் ஒரே ஒரு தடவைதான் மூடிக்கிடந்தது. அதற்காகத்தான் ஊர் அவரை மன்னிக்கவே இல்லை!

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். ஊருக்கு மேற்கே காட்டுக்குள் ஒரு கிழவி செத்துப்போய், படம் எடுக்கப் போயிருந்தார். எழவு வீட்டுக்குப் போனவர் குளிக்காமல் வந்தால் அவர் சம்சாரம் முத்தாயம்மாள் வாசல்படி ஏறவிடமாட்டாள். வழியில் மோட்டார்த் தொட்டியில் குளித்துக்கொள்ளலாமென்று பார்த்தால் கரண்ட் இல்லை. அன்றைக்கு நாடு இருந்த லட்சணம் அப்படி. சரியென்று அப்புசாமியின் பழைய கிணற்றுக்குப் போனார். அப்புசாமி ஊரில் பெரிய பண்ணையக்காரர். புதுக்கிணறு வெட்டிய பிறகு அந்தப் பழைய கிணற்றுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாறையைக் குடைந்த அகலக் கிணறு, அடியில் முழங்கால் தண்ணீர், பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். பாதி இறங்கியிருப்பார், எதிர்ச்சுவரிலிருந்து புஸ்ஸென்று ஒரு சீறல். பாம்பு என்றுதான் நினைத்தார்.

பாம்பில்லை. பாறைப் பொந்தின் விளிம்பில் ஒரு கோட்டான். சேவலைவிடப் பெரிசு, காதோரம் ரெண்டு கொம்பு மாதிரி இறகு, நெருப்புத் துண்டுக் கண். இறக்கையை விரித்து, உடம்பை ஊதிப் பெருக்கி, அலகை டக்கு டக்கென்று அடித்து, 'வந்தீன்னா கண்ணைப் பிடுங்கிப்போடுவேன்' என்று நின்றது. அதன் காலடியில் அழுக்கு வெள்ளையாய் மூன்று குஞ்சுகள். அதுகளும் ஆளைப் பார்த்துச் சீறின. தலையே இன்னும் நிற்கவில்லை, சீறலுக்கு மட்டும் குறைச்சலில்லை!

கண்ணுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் போலவே இன்னொரு உயிர் உலகத்தில் இருக்கிறதென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருக்கும் இளிக்காது, யாரும் பக்கத்தில் வரக்கூடாது. குளிக்க மறந்து வீட்டுக்குப் போனார். முத்தாயம்மாள் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டி, "பொணம் புடிச்ச கையோட வந்து பல்லக் காட்டறதப் பாரு, எந்தப் பேய் புடிச்சுதோ" என்று வைதாள்.

அதிலிருந்து வேலையில்லாத நேரமெல்லாம் ஆள் கிணற்றில்தான். ரகசியமாகத்தான் போனார். தெரிந்தால் ஊர்க்காரர்கள் விட்டுவைப்பார்களா? கோட்டான் கூரைமேல் கத்தினால் எழவு விழும், காட்டில் கத்தினால் வெள்ளாமை போகும். இவர்கள் வீட்டு எழவெல்லாம் பட்டைச் சாராயத்தாலும் பாம்புக்கடியாலும் வந்ததுதான். பழி மட்டும் கோட்டான் தலையில். கண்டால் போதும், கல்லெடுத்து அடிப்பார்கள், இல்லாவிட்டால் பனையோலையைக் கொளுத்திப் பொந்துக்குள் போடுவார்கள். அப்புசாமி சம்சாரம் சென்னியம்மாளுக்கோ, எதிரே பூனை வந்தாலே பயணம் நின்றுபோகும்.

கண்ணுசாமி படிக்கல்லில் அசையாமல் உட்கார்ந்தே பழக்கினார். முதலில் சீறின தாய் பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பதோடு விட்டது. பகலெல்லாம் குஞ்சுகளை வயிற்றுக்கடியில் வைத்து அரைத்தூக்கம் தூங்கும். வெயில் ஏறினால் ஒரு இறக்கையை மட்டும் இறக்கி நிழல் காட்டும். ஆண்கோட்டான் கிணற்றோரத்துப் பனைமரத்தில் காவல். பெரிய குஞ்சு மகா போக்கிரி, சின்னதை மிதித்துக்கொண்டுதான் நிற்கும். ஆனால் தாய் எலியைக் கிழித்துக் கொடுக்கும்போது சின்னதுதான் எல்லார் காலுக்கடியிலும் புகுந்து முதலில் வாயைத் திறக்கும். "அடி கெட்டிக்காரி!" என்று கண்ணுசாமி கிணற்றுக்குள் உட்கார்ந்து தன்னையறியாமல் சொல்லியிருக்கிறார். பெத்த பிள்ளைகளைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

அவரிடம் இருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் காமிரா. ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டு படம், அதற்குமேல் ஒன்றுகூட விழாது. பிலிமுக்குச் சேலம் போகவேண்டும். அதனால் அவர் கோட்டானை அள்ளி அள்ளி எடுக்கவில்லை. தாய் குஞ்சுக்கு ஊட்டுகிற படம் ஒன்று, நல்ல வெளிச்சத்தில் வேண்டும். அது ஒன்று போதும். ஆனால் அது ஊட்டுவதோ பொழுது மங்கின பிறகு. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

பங்குனியில் அப்புசாமி மகள் வசந்தாமணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேந்தமங்கலத்துச் சுவாமிநாதன் மகன் பாலசுந்தரம். கல்யாணச் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் வந்து சீரெல்லாம் முறைப்படி செய்து, அப்புசாமி வீட்டு வாசலிலேயே விடியற்காலையில் தாலி கட்டினார்கள். கண்ணுசாமி வழக்கம்போல் எல்லாரையும் வைது படம் எடுத்தார். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணத் தனியா ஒண்ணு எடுங்க" என்றார்கள். நகையெல்லாம் போட்டு வசந்தாமணியை மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் நிறுத்தி எடுத்தார். அது கடைசிப் பிலிமில் பதினொன்றாவது.

சாப்பாடு முடிந்ததும் வானம் மூட்டம் போட்டது. காமிராவோடு நைசாகக் கிணற்றுக்கு நடந்தார். படிக்கல்லில் உட்கார்ந்தாரோ இல்லையோ, மூட்டத்தைப் பொழுது போய்விட்டதென்று நினைத்ததோ என்னவோ, ஆண்கோட்டான் பட்டப்பகலில் ஒரு பெருச்சாளியைக் கொண்டுவந்து போட்டது. தாய் காலில் அழுத்திக் கிழித்துத் துணுக்கை நீட்டியது. மூன்று வாயும் திறந்தது. மேகம் ஒரு கணம் விலகி, கிணற்றுக்குள் வெளிச்சம் விழுந்தது. கண்ணுசாமி பன்னிரண்டாவதை அழுத்தினார். அன்றைக்கு அவரைப் போல் சந்தோசப்பட்ட ஆள் கல்யாண வீட்டில்கூடக் கிடையாது.

இருட்டறையில் கழுவிப் பார்த்தபோதுதான் பகீரென்றது. பதினொன்றில் புதுத் தாலியோடு மணப்பெண், ஒட்டின கட்டத்தில் கோட்டான்! அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பிலிமின் நெகட்டிவ் ஸ்டுடியோவில் இருக்கக்கூடாது. அடுத்தவன் கையில் பொண்ணு உருவம் இருக்கலாமா? மறுவிருந்து நாளில் படத்தோடு நெகட்டிவையும் வெற்றிலைத் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். இதை அப்படியே கொடுத்தால் கதை கந்தல். கண்ணுசாமி கத்திரியை எடுத்துப் பன்னிரண்டாவது கட்டத்தைத் தனியாக நறுக்கி, காகிதத்தில் மடித்து இடுப்பு மடியில் செருகிக்கொண்டார். சாமர்த்தியம் என்றுதான் நினைத்தார்.

சம்பந்தி சுவாமிநாதன் முன்பு ரயில்வேயில் வேலை பார்த்துச் சூரமங்கலத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் காமிரா வைத்திருந்தார். அந்தப் பழக்கத்தில் இவருக்குப் பிலிமைப் பற்றி அரைகுறையாகத் தெரியும். முழுசாகத் தெரிந்தவனிடம் தப்பித்துவிடலாம், அரைகுறையிடம் அகப்பட்டால் அதோகதிதான். அப்புசாமி வீட்டு மறுவிருந்தில் எல்லாரும் இலைக்கு உட்காரப் போகிற நேரத்தில் அவர் நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரத்து நம்பரை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார்.

"ஏனுங்க, பதினொண்ணோட நிக்குது. பன்னெண்டு எங்கீங்க?"

"வெளிச்சம் பட்டு வீணாப்போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் கண்ணுசாமி.

"வீணாப்போனதுக்குக் கத்திரி எதுக்குங்க? வெட்டு இன்னும் பச்சையா இருக்குதே."

 சுவாமிநாதன் சுற்றி நின்ற உறம்பரைச் சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "பதினொண்ணுல பொண்ணு தனியா நிக்குது. பன்னெண்டுல எப்படி நின்னுதோ, எவன் கேட்டு எடுத்ததோ."

அவ்வளவுதான்.  மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்பது இதுதான். சென்னியம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள், அப்புசாமி கெஞ்சினார். "சம்பந்தி, பொண்ணு இங்கியே இருக்கட்டும். படம் வரட்டும், பொறவு ஆளனுப்பறோம்" என்று சுவாமிநாதன் துண்டை உதறினார். பாலசுந்தரம் அப்பன் பின்னாலேயே போய்ச் செருப்பை மாட்டினான். மாப்பிள்ளை வீட்டார் பொண்ணை விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குச் சாயந்தரமே அப்புசாமி ஆட்களோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். முன்கண்ணாடி தூளானது. இருட்டறையைக் குடைந்து, மருந்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். ஊரில் உள்ளவர்கள் மூஞ்சியெல்லாம் தெருவில் இறைந்து கிடந்தன. "எங்கடா வெச்சிருக்கற? எவனுக்குடா குடுத்த?" கண்ணுசாமி வாயைத் திறக்கவில்லை. படம் மடியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் அந்த நிமிசமே முடிந்துவிடும். ஆனால் அது யார் கிணறென்று அப்புசாமிக்குத் தெரியாதா? மறு நிமிசம் ஓலையும் நெருப்புமாய்க் கிணற்றுக்கு ஓடுவார்கள். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? படத்தைக் கேட்டது திருச்செங்கோட்டில் படித்தவன் ஒருத்தன், பஸ் கண்டக்டர் ஒருத்தன் என்று பேர்போட்டே பேசினார்கள். டீக்கடையில் கண்ணுசாமிக்குக் கிளாஸ் தருவதை நிறுத்தினார்கள். அதெல்லாம் அவருக்குத் துச்சம். ஆனால் ஒரு நாள் முத்தாயம்மாள் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்து, "அந்தப் புள்ள பச்சத்தண்ணி குடிக்காமக் கெடக்குதாம். உனக்குப் பொட்டப்புள்ள இருந்தாத் தெரியும்" என்றாள். அது மட்டும் குத்தியது. பேய்பிடித்த ஊர் எப்படியோ போகட்டும், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? காட்டிவிடுவது என்று முடிவு கட்டினார். கடைசியாக ஒரு தடவை குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வரலாமென்று கிணற்றுக்கு நடந்தார்.

படிக்கல்லில் உட்கார்ந்திருந்தவருக்கு மேலேயிருந்து குரல் கேட்டது. வசந்தாமணி, கையில் புல்லறுக்கிற அரிவாள்.

"ஏனுங்கண்ணா, தெனமும் இங்க எதுக்கு வாரீங்க? நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

கண்ணுசாமி எதிர்ச்சுவரைக் கைகாட்டினார். அவள் எட்டிப் பார்த்து, "அய்யோ, கருமம்!" என்று பின்வாங்கினாள். பிறகு மறுபடியும் எட்டிப் பார்த்தாள். பெரிய குஞ்சு இறக்கையை விரித்து அவளைப் பார்த்துச் சீறியது.

"அம்மிணி, அந்தப் பன்னெண்டு இதுதான்" என்று மடியிலிருந்து எடுத்து நீட்டினார். "நாளைக்கு உங்கப்பங்கிட்டக் குடுத்தர்றேன். உன்னயக் கூட்டிட்டுப் போயிருவாங்க. என் மேல தப்பு. மொதல்லயே காட்டிருக்கோணும்."

அவள் அதை வானத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுகள என்ன பண்ணுவாங்க?"

"உங்கொப்பன் என்ன பண்ணுவாருன்னு உனக்குத் தெரியாதா?"

"குஞ்சு எப்பப் பறக்குமுங்க?"

"சித்திரை பொறந்து சித்தெ ஆகோணும்."

"அப்ப அதுக்கு மேல காட்டுங்க."

கண்ணுசாமி திடுக்கிட்டுப்போனார். "பைத்தியமா அம்மிணி? ஊரு உன்னய என்ன பேசுதுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. எங்கம்மாவே பேசுது." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் குரல் காரமாகத்தான் வந்தது. "என் பேச்ச நம்பல, ஒரு துண்டுப் பிலிமு வந்து சாட்சி சொன்னாத்தான் நானு யோக்கியம். அந்த ஊட்டுக்குப் போறதுக்கு எனக்கென்ன அவசரம்? இதுகளாச்சும் பொழைக்கட்டும். அவுங்க வேகட்டும்."

கண்ணுசாமி வாதாடிப் பார்த்தார். அவள் அவரைவிடப் பிடிவாதக்காரி. நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரை பிறந்தது. ரெண்டு பேரும் வாய்க்குள் வந்ததையெல்லாம் விழுங்கினார்கள். கோயில் நோம்பிக்குக் கண்ணுசாமி வரியை வாங்கமாட்டோம் என்றார்கள். வசந்தாமணியைத் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் விலக்கினார்கள். கிணற்றில் குஞ்சுகளுக்குப் பழுப்பு இறகு ஏறியது. விளிம்பில் நின்று இறக்கையை அடித்து அடித்துப் பார்த்தன. பெரியது ஒரு நாள் சாயந்தரம் கிணற்றைக் குறுக்கே தாண்டி எதிர்ப்படியில் மோதி உட்கார்ந்தது. பிறகு நடுவது. சின்னது மட்டும் போக்குக்காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பொழுது சாயத் தாய் பனைமரத்தில் எலியை வைத்துக்கொண்டு கூப்பிட்டது, இறங்கி வரவேயில்லை. பசி பொறுக்காமல் சின்னது எழும்பி, தடுமாறி, கிணற்று மேட்டைத் தாண்டிப் பனையோலையில் போய்த் தொங்கியது. கண்ணுசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பொந்து காலி. பாறைக்கரட்டுப் பக்கம் எல்லாம் போய்விட்டன.

அடுத்த நாளே படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு அப்புசாமி வீட்டுக்குப் போனார். படம் கிடைத்ததென்று ஆள் போய்ச் சொல்ல, சேந்தமங்கலத்திலிருந்து சுவாமிநாதனும் பாலசுந்தரமும் பஸ் ஏறி வந்தார்கள். சம்பந்தி முன்னால்தான் பிரிப்பேன் என்று உட்கார்ந்திருந்த கண்ணுசாமி அப்போதுதான் நெகட்டிவையும் படத்தையும் கயிற்றுக்கட்டிலில் வைத்தார்.

சுவாமிநாதன் அந்தத் துண்டுப் பிலிமைத் தான் கொண்டுவந்திருந்த நெகட்டிவின் பழைய வெட்டோடு பொருத்திப் பார்த்தார். ஒட்டியது. படத்தைப் பார்த்தார். "அட கருமமே, கோட்டானா!" என்று கடகடவென்று சிரித்துவிட்டார். "இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்? நல்லவேளைங்க சம்பந்தி!"

அப்புசாமி சிரிக்கவில்லை. படத்திலிருந்த பாறையும் படிக்கல்லும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து கண்ணுசாமியைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"எங்கெணத்துக் கோட்டானுக்காக எம்புள்ளயத் தெருவுல நிறுத்துனியாடா? நீ மனுசனா?"

கண்ணுசாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் இருந்தது. ஆனால் சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் அடி விழும். ரெண்டாவது அறைக்கு அப்புசாமி கையை ஓங்கியபோது வசந்தாமணி உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தாள்.

"அவர அடிக்காதீங்கப்பா. காட்ட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

"அடிப் பாவி!" என்று சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புசாமி கை அப்படியே நின்றது.

"சரி, உடுங்க, உடுங்க" என்று சுவாமிநாதன் எழுந்தார். "சின்னப்புள்ள, ஏதோ புத்தியில்லாமச் சொல்லிருச்சு. பன்னெண்டுல கோட்டாந்தான் இருக்குது, நம்ம புள்ள இல்ல. அது போதும் எனக்கு. அம்மிணி, பொட்டிய எடு, கெளம்பு."

வசந்தாமணி நகரவில்லை. "மாமா, ஒரு பேச்சு. கோட்டானுக்குப் பதிலா நாந்தான் அதுல இருந்திருந்தா?"

"அதான் இல்லையே சாமி."

"இருந்திருந்தா? எங்க கட்டுத்தரையில, எங்கப்பன் பாக்க, பதினொண்ணுல நின்ன மாதிரியே இன்னொருக்கா நின்னிருந்தா? என்னயக் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?"

சுவாமிநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவள் அவரை விட்டுவிட்டுப் பாலசுந்தரத்தைப் பார்த்தாள். தாலி கட்டின நாளிலிருந்து அவனை நேருக்கு நேர் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நீங்க சொல்லுங்க."

பாலசுந்தரம் அப்பன் மூஞ்சியைப் பார்த்தான். "அப்பா என்ன சொல்றாங்களோ..." என்று இழுத்தான்.

"அப்ப உங்கப்பனோடயே போய்க் குடும்பம் நடத்துங்க" என்றாள் வசந்தாமணி.

பஸ்ஸுக்கு நேரமாச்சென்று சுவாமிநாதன்தான் முதலில் படியிறங்கினார்.